செங்காயைப் பழம் என்ற பெட்டி

‘சிந்திக்கும்’ என்னும் சொல்லை ஓர் இரும்புப் பெட்டிக்கு அடைமொழியாக்கி, மலேசியாவின் ஈஜோக் வட்டாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நான். இன்று நாளிதழைத் திறந்தால் குளிர்பெட்டி சிந்திக்கிறது, கதவுப் பூட்டுச் சிந்திக்கிறது என்று விளம்பரக்காரர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். படிக்கும்போது வரும் சினத்தில் பாதி அவர்கள்மேல், மறுபாதி என்மேல்.

எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் சிறு நிலக்காரர்களிடமிருந்தும் லோரிகள் குலைகளை ஏற்றிக்கொண்டு வரும். ஆலை வாயிலில் சரிவான சிமெண்டுத் தளம் ஒன்று உண்டு; எல்லாரும் அதை ரேம்பு என்பார்கள். குலைகள் அதில் கொட்டப்பட்டதும் ஓர் அம்மையார் கையில் இரும்புக் கொக்கியோடு அவற்றினிடையே நடப்பார். பழுத்த குலைகள் உள்ளே போகும். பழுக்காதவற்றைக் கொக்கியால் இழுத்து ஒதுக்குவார். அவை வந்த லோரியிலேயே திரும்பிப் போகும். வேலை அவ்வளவுதான். ஆனால் அதில் அவர் தவறினால் ஆலை முழுதும் தவறும். பழுக்காத குலையை எவ்வளவு நேரம் ஆவியில் வேகவைத்தாலும் பழம் காம்பை விட்டு உதிராது. உதிராத பழத்திலிருந்து எண்ணெயும் வராது.

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். முன்பு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் மேலிருந்து வெட்டுண்டு விழுந்த மட்டை தோளைத் தாக்கியது. எலும்பு கூடியது, கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை. இனி மூட்டை தூக்க இயலாது என்பதனால்தான் அவரை ரேம்புக்கு மாற்றினார்கள். வந்து சில மாதங்களில் அவருடைய கண்ணைப் பற்றி லோரிக்காரர்கள் பேசத் தொடங்கிவிட்டனர். எல்லாருக்கும் அவர் அக்கா. குலை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சில் கொலை ஆகிவிடும். ஓட்டுநர்களுக்கு அது தீராத வேடிக்கை.

“என்னக்கா, இன்னைக்கு எத்தன கொல?”

“உன்னோடது ஒண்ணுதான் பாக்கி. எறங்கு, அதையும் முடிச்சிருவோம்.”

ஒரு காலை, மேலாளர் என்னை அறைக்கு அழைத்தார். வெள்ளையர் போய் நெடுங்காலம் ஆகியும் தொழிலாளர் அவரைத் தொரை என்றே அழைத்தனர். மேசைமேல் வழவழப்பான ஆங்கிலத் தாள் ஒன்றைத் தள்ளி, இதைத் தமிழில் எழுதிப் பலகையில் போடுங்கள் என்றார். கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிறது, அது பழம் பார்ப்பதில் கைதேர்ந்த ஒருவரைப் போலவே சிந்திக்கும், களைப்படையாது, விடுப்புக் கேட்காது. தாளின் சாரம் இதுதான்.

ஓர் இரும்புப் பெட்டி எவ்வாறு சிந்திக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாறாக, ‘எண்ணும்’ என்று எழுதுவதா, ‘சிந்திக்கும்’ என்று எழுதுவதா என்று முற்பகல் முழுதும் ஆராய்ந்தேன். ‘எண்ணும்’ என்றால் கணக்கிடும் என்றும் பொருள்படுமே என்று அதனை அடித்துவிட்டேன். அடித்த சொல்லே உண்மையான சொல். கணக்கிடுவதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. மொழியின் மேல் எனக்கிருந்த அக்கறை, பொருளின் மேல் இல்லாமற் போயிற்று.

அடுத்த வாரம், பெட்டியை விற்கும் நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தமிழர்தான். கழுத்துப்பட்டை அணிந்திருந்தார், காலணியில் சேறு படாமல் ரேம்பில் நடக்கும் வித்தை அறிந்திருந்தார்.

“சார், எனக்கு டீப்பான தமிழ் வராது லா. அக்கா பேசுறது பாதிதான் புரியுது. கொஞ்சம் கூட இருங்க” என்றார்.

இருந்தேன். இரண்டு வாரம் அக்காவுக்கும் அவருக்கும் இடையில் நின்றேன். முதல் நாள் உரையாடல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“அக்கா, இது பழுத்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

“பாத்தாத் தெரியும்.”

“பாத்தா என்னக்கா தெரியும்?”

“பழுத்தது தெரியும்.”

லோரியின் மேலிருந்து ஒருவர், “தம்பி, அத எழுதிக்கோ, மறந்துறப் போற” என்றார். இளைஞரும் சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். அதுதான் எரிச்சல், கெட்டவராக இருந்திருந்தால் அக்கா வாயைத் திறந்திருக்கமாட்டார்.

நாள் ஆக ஆக அக்கா எல்லாவற்றையும் சொன்னார். குலையிலிருந்து எத்தனை பழம் தானாக உதிர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உதிர்ந்த இடத்துக் குழியைப் பார்க்க வேண்டும். காய்ந்த குழியானால் பழுத்து உதிர்ந்தது, ஈரக் குழியானால் அடிபட்டு உதிர்ந்தது. பெருமழைக்குப் பின் வரும் குலையில் உதிர்வை நம்பக் கூடாது. சதுப்பு நிலத்துப் பழத்தின் நிறம் வேறு, மேட்டு நிலத்துப் பழத்தின் நிறம் வேறு. நகத்தால் கீறினால் எண்ணெய் மினுக்க வேண்டும். சரிவில் விழும்போது வரும் ஓசையிலும் ஒரு வேறுபாடு உண்டு. இவ்வளவையும் அவர் தம் குடுவையிலிருந்து அந்த இளைஞருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். தம்மிடம் இத்தனை அறிவு இருக்கிறது என்பது, ஒருவர் உட்கார்ந்து எழுதும்போதுதான் அவருக்கே தெரிந்தது போலும். முகம் அப்படி ஒளிர்ந்தது.

இளைஞரோ, ஆம், இல்லை என்று விடை வரக்கூடியவற்றை மட்டும் எழுதினார். ஓசையை எழுதவில்லை. மழையை எழுதவில்லை. மண்ணை எழுதவில்லை. “அதெல்லாம் சிஸ்டத்துல போடக் கஷ்டம் சார்” என்றார். எதைப் போடக் கடினமோ அதுவே அக்காவின் அறிவு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசிக்கு முதல் நாள் நிறத்துக்கு வந்தார்.

“அக்கா, கலர் மட்டும் சொல்லுங்க. எத்தனை வகை?”

“மூணு. கருங்காய், செங்காய், பழம்.”

இளைஞர் என்னைப் பார்த்தார். இலக்கணம் படித்தவனிடம் ஒரு தொகைச்சொல்லைக் கொடுத்தால் அவன் வேறெதையும் பார்ப்பதில்லை, பிரித்துக் காட்டுவான். “கருங்காய், கருமை கூட்டல் காய், பிளாக் ஃப்ரூட். செங்காய், செம்மை கூட்டல் காய், ரெட் ஃப்ரூட். இரண்டும் பண்புத்தொகை. பழம், ஃப்ரூட்” என்றேன்.

“பழமும் ஃப்ரூட்தானே சார்? அப்ப ரெண்டு கலர்தான். பிளாக், ரெட்.” எழுதி முடித்துவிட்டார்.

செங்காய் என்பது சிவந்தும் பழுக்காத காய். கருமை நீங்கி, பழத்தின் நிறம் ஏறி, பார்ப்பவனை ஏமாற்றி நிற்கும் பருவம். எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் மாங்காயில் அது தெரியும். ஆங்கிலத்தில் காய்க்குத் தனிச்சொல் இல்லை. காயும் பழமும் அங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. நான் சொல்லைச் சரியாகப் பிரித்தேன், பொருளைக் கொன்றேன். அக்கா ஒதுக்குகின்ற குலைகளிற் பாதி செங்காய்தான்.

இரண்டு மாதத்தில் பெட்டி வந்தது. ரேம்பின் ஓரத்தில் அதற்கென்று ஒரு குளிரூட்டிய அறை கட்டினார்கள். பெட்டி வந்த நாளிலேயே மேலாளர் அக்காவை மீண்டும் தோட்ட வேலைக்கு அனுப்பும் தாளைத் தட்டெழுதச் சொன்னார். அவரால் மூட்டை தூக்க இயலாதே என்றேன். தோட்டத்தில் வேறு வேலை இல்லை, இயலாவிட்டால் அவர் நின்றுகொள்ளலாம் என்றார். இயந்திரத்துக்காக யாரும் வேலை இழக்கமாட்டார்கள் என்று, பெட்டியைப் பற்றித் தொழிலாளரைக் கூட்டிப் பேசிய முதற்கூட்டத்தில் அவரே சொன்னதை நினைவூட்டினேன். யாரையும் நாம் நீக்கவில்லையே, மாற்றுகிறோம் என்றார். இந்த ஆங்கிலத்தைத் தமிழாக்க எனக்கு நா எழவில்லை.

அக்கா அலுவலகத்துக்கே வந்தார்.

“கிராணியய்யா, ரெண்டு வாரமா என் வாயக் கிண்டுனது இதுக்குத்தானா?”

“எனக்குத் தெரியாதும்மா.”

“உங்களுக்குத் தெரியாம இந்த மில்லுல ஒரு காயிதம் நகருமா? அந்தத் தம்பிக்குக் காப்பி ஊத்திக் குடுத்தேனே, சீனி போதுமான்னு வேற கேட்டேன். என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டிருக்கேன்.”

“தொரைகிட்டப் பேசுறேன்.”

“பேசுங்க. நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே.”

அந்தக் கடைசிச் சொற்றொடருக்கு நான் தகுதியானவனே.

மாத இறுதிவரை சோதனைக் காலம்; மாற்றம் அதன் பிறகு. அக்கா ஓரத்தில் நிற்க வேண்டும், தொடக் கூடாது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அப்போதுதான் கண்டேன். அதற்குக் கண் இல்லை. கை இல்லை. திரையில் பச்சை எழுத்தில் அது வினா எழுப்பும்: நிறம் என்ன? உதிர்ந்தவை பத்துக்கு மேலா, கீழா? காம்பு பச்சையா, காய்ந்ததா? அலுவலகத் தட்டெழுத்தர் அம்மாள் வெளியே போய்க் குலையைப் பார்த்து, உள்ளே வந்து விடைக்குரிய பொத்தானை அழுத்துவார். உடனே, ‘பழுத்தது’ என்று அது தாளில் அடித்துக் கொடுக்கும். தாளின் அடியில், ஆய்ந்தது கணினி என்று அச்சாகியிருக்கும்.

பத்து நாள் சென்றபின் ஆய்வுக்கூடத்திலிருந்து முறையீடு வந்தது. வேகவைத்த குலைகள் பழத்தை விடாமல் அப்படியே வெளியே வந்து விழுகின்றன, எண்ணெய் குறைந்துவிட்டது. பெட்டியை விற்ற அந்த இளைஞரை வரவழைத்தார்கள். அவர் திரையைத் தட்டிப் பார்த்தார், தாளைப் புரட்டினார், மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: பெட்டியில் பிழையில்லை, பெட்டிக்குக் கொடுத்த அறிவில் பிழை, அந்தப் பெண் வேண்டுமென்றே தவறாகச் சொல்லியிருக்கிறாள்.

மேலாளர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்கு மாற்றும் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று அடிக்கச் சொன்னார். நிறுவனத்தை ஏமாற்றியதற்காக வேலைநீக்கம். தொழிலாளர்க்கு நிறுவனம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

என் வாழ்நாளில் அவ்வளவு சினந்ததில்லை. பெட்டி சரியாகச் சொன்னால் அது பெட்டியின் அறிவு; தவறாகச் சொன்னால் அது அக்காவின் வஞ்சகம்! இப்படி ஒரு வழக்கில் எந்தப் பொருள்தான் தோற்கும்? அந்தப் பெட்டிக்குள் இருக்கும் விதிகளைத் தாளில் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். முதலில் மறுத்தார், தொழில் மறைபொருளாம். மேலாளர் சொன்னபின் கொடுத்தார். மூன்று பக்கம். இரண்டு வாரம் ஒரு மனிதர் வாய் ஓயாமல் சொன்னது மூன்று பக்கம். நிறம் சிவப்பானால் பழுத்தது என்னும் வரியில் என் விரல் நின்றது.

“இது அவர் சொன்னதன்று. இது என் பிழை” என்றேன்.

இளைஞர் என்னை ஒதுக்கி அழைத்தார். “சார், ஏன் சார் நீங்க போய் மாட்டிக்கிறீங்க? பேசாம இருங்க லா. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“அக்காவுக்கு வீடு போயிடும்.”

அவர் தலை குனிந்தார். பின்பு மேலாளரிடம் திரும்பி, அப்படியானால் இன்னும் எளிது, அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டால் போதும் என்றார். மேலாளருக்கும் முகம் தெளிந்தது. வேலைநீக்கம் வேண்டாம், பழையபடி தோட்டத்துக்கே போகட்டும் என்றார். ஒரு பெண்ணின் பிழைப்பை வாயிலுக்கும் கூடத்துக்குமாக எறிந்து விளையாடினார்கள்.

வரியைத் திருத்துங்கள், ஆனால் என் கண்முன் ஒரு சோதனை வேண்டும் என்றேன். ஒரே குலை. மூவர் தனித்தனியே பார்த்துவிட்டு வந்து பொத்தானை அழுத்த வேண்டும்: தட்டெழுத்தர், மேலாளர், விற்றவர். பெட்டிக்கு அறிவு இருந்தால் மூன்று முறையும் ஒரே விடை வரட்டும்.

அன்று பிற்பகல் ரேம்பில் லோரிக்காரர்கள் கூடிவிட்டனர். தட்டெழுத்தர் அம்மாள் அழுத்தினார். பழுத்தது என்று வந்தது. மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குலையைச் சுற்றிவந்து அழுத்தினார். மிகப் பழுத்து அழுகியது என்று வந்தது. இளைஞர் காலணியை மறந்து குனிந்து பார்த்து அழுத்தினார். பழுக்காதது என்று வந்தது.

“ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுதே! இத மண்டோரா போடலாம்” என்று ஒரு குரல். வேலை ஏவும் மண்டோர் ஒருவரும் அங்கே நின்றிருந்தார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அக்காவைக் கேட்டேன். அவர் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, “செங்காய். நேத்து மழையில நாலு உதிர்ந்திருக்கு, அவ்வளவுதான்” என்றார். ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டினார்கள். உள்ளே வெளிர் மஞ்சள். எண்ணெய் ஏறவே இல்லை.

எங்கள் வாயிலில் முந்தைய ஆண்டு மின்னணு எடைமேடை ஒன்று வைத்தார்கள். அதனைப் பற்றி யாரும் வழவழப்பான தாள் அடிக்கவில்லை. அது சிந்திக்கும் என்று யாரும் சொல்லவில்லை. யார் பொத்தானை அழுத்தினாலும் ஒரு லோரிக்கு ஒரே எடையைக் காட்டியது. எடை குறித்து வாயிலில் நாள்தோறும் நடந்த சண்டை நின்றே போயிற்று. அது புதுமை, அதனை நான் வணங்குகிறேன். இந்தப் பெட்டியோ, அழுத்துகிறவருக்குத் தெரிந்ததைத்தான் அச்சடித்துத் திருப்பிக் கொடுத்தது. தெரிந்தவர் அழுத்தினால் அதற்குத் தெரியும். தெரியாதவர் அழுத்தினால் தெரியாது. நேர்மையாக, ‘இது வினாப் பட்டியல், புதிதாகப் பழகுகிறவருக்கு உதவும்’ என்று சொல்லி விற்றிருந்தால் நானே வரவேற்றிருப்பேன். அந்த மூன்று பக்கத்தில் அவ்வளவு பயன் உண்டு. பயனை விற்காமல், இல்லாத அறிவை விற்றார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று, இருந்த அறிவை வெளியே தள்ளினார்கள்.

ஒன்று மட்டும் இளைஞரைக் கேட்டேன். “இன்று இது தவறாகச் சொன்னது. தவறு என்று இதற்கு யார் சொல்வார்? சொன்னால் நாளைக்குத் திருந்துமா?”

“அடுத்த வெர்ஷன்ல வரும் சார்.”

அறிவிப்புப் பலகைக்குப் போய் என் கையெழுத்தில் இருந்த தாளைக் கிழித்தேன். ஒட்டிய மூலைகள் மட்டும் பலகையில் நின்றன.

நான் எதிர்பார்த்தது, பெட்டியைத் திருப்பி அனுப்புவார்கள் என்று. அனுப்பவில்லை. தலைமை அலுவலகம் அதைப் பற்றித் தன் செய்திமடலில் முன்னதாகவே எழுதிவிட்டதாம். பிற ஆலைகளும் கேட்கத் தொடங்கிவிட்டனவாம். மேலாளர் ஒரு வழி கண்டார். அக்கா ரேம்பிலேயே இருக்கட்டும்; குலையைப் பார்த்துவிட்டு அவரே பொத்தானை அழுத்தட்டும். கொக்கி அவர் கையில் இருக்கலாம். ஆனால் தாளில் பெட்டி சொன்னால்தான் குலை ஒதுக்கப்படும். ஆய்ந்தவர் என்னும் இடத்தில் அக்காவின் கையொப்பம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சடித்த படிவத்தை மாற்ற இயலாது என்று ஒற்றை வரியில் விடை வந்தது.

அக்காவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஒரு வாரத்தில் பொத்தான்களின் இடத்தைப் பழகிக்கொண்டார். அதன்பின் நடந்ததை நான் சன்னல் வழியே கண்டேன். குலையைப் பார்த்ததுமே அவர் முடிவுசெய்துவிடுவார். பிறகு, அந்த முடிவைப் பெட்டி சொல்வதற்கு எந்தெந்தப் பொத்தானை அழுத்த வேண்டுமோ அவற்றை அழுத்துவார். வினாவை ஏறிட்டுப் பார்ப்பதுமில்லை. செங்காயை ஒதுக்க வேண்டுமானால் நிறத்துக்குக் கறுப்பு என்று அழுத்துவார். திருத்திய வரியையும் அவர் நம்பவில்லை. ஆலையில் எண்ணெய் பழையபடி வந்தது. பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று மேலாளர் அறிக்கை அனுப்பினார். அதையும் நானே தட்டெழுதினேன்.

அறிக்கையைப் படித்துத் தலைமை அலுவலகத்தார் நால்வர் பார்வையிட வந்தனர். அக்கா வரிசையாக ஆறு குலைகளுக்கு அழுத்திக் காட்டினார். ஆறும் சரி. கைதட்டினார்கள். பெட்டியைப் பார்த்துத் தட்டினார்கள். அவர்களுள் மூத்தவர் அக்காவைச் சுட்டி, இந்த அம்மாளுக்கு இங்கே என்ன வேலை என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். எனக்குள் ஒரு வாக்கியம் பல நாளாக ஆயத்தமாக இருந்தது, கூர்மையான வாக்கியம்.

“என்ன கேக்குறாங்க?” என்றார் அக்கா.

“உங்க வேலை என்னன்னு.”

அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

“பொட்டி கேக்குறதுக்குப் பொத்தான் அமுக்குறேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க ஐயா. எனக்கு இந்த எடம் வேணும்.”

அவர் சொன்ன முதல் வாக்கியத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மூத்தவர் தலையசைத்துவிட்டுப் படம் எடுப்பவரை அழைத்தார். பெட்டி முழுதாகத் தெரிய வேண்டும் என்றார். அக்காவைச் சற்று விலகி நிற்கச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது.